சாப் ஒரு வீட்டில், லெட்டர்ஹெட் ஒரு வீட்டில்

அத்தையின் விண்ணப்பப் பாரத்தில் ‘சாப்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வந்தது. ஒன்று, அத்தை விற்கப்போகும் பொருள்: சிக்கன் சாப். மற்றொன்று, கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்த குறிப்பு: குடியிருக்கும் இடத்திலுள்ள பதிவுபெற்ற சங்கத்தின் ஆதரவுக் கடிதம், சாப்புடன், அதாவது முத்திரையுடன். சிக்கன் சாப்பை அத்தை சுங்கை ரம்பாயில் ஒரு சீனர் காப்பிக்கடையில் பதினெட்டு வருடம் பொரித்திருக்கிறார். கடைக்காரர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். இனி இரவுச் சந்தையில் சொந்தமாக ஓர் இடம் பிடிக்க வேண்டும் என்று அத்தை முடிவு செய்திருந்தார். கடிதத்தில் சாப் விழாவிட்டால் அந்த இடம் இல்லை. வெள்ளிக்கிழமை நாலரைக்கு நகராட்சி மன்ற அலுவலகத்தில் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

அத்தை இருக்கும் பக்கத்தில் பதிவுபெற்ற சங்கம் என்றால் கோயில் நிர்வாகம் ஒன்றுதான். அந்த வருடம் அது இரண்டாகப் பிரிந்திருந்தது. தேர்தலில் தோற்ற பழைய செயலாளர் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாக் கோப்புகளையும் ஒப்படைத்தார். சாப்பை மட்டும் ஒப்படைக்கவில்லை. ஜெயித்த புதிய செயலாளர் பாச்சாங்கில் டயர் கடையில் வேலை செய்பவர். அவரிடம் கோயில் பெயர் அச்சடித்த லெட்டர்ஹெட் இருந்தது. சாப் இல்லாத லெட்டர்ஹெட்டும், லெட்டர்ஹெட் இல்லாத சாப்பும் நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஏழு மாதமாகச் சும்மா கிடந்தன.

வியாழக்கிழமை கிராணி மாமாவுக்குப் போன் செய்தேன். சாப்பைப் படம் எடுத்து அனுப்பினால் கடிதத்தில் நானே பதித்து அச்செடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

“போட்டோவுல இருக்கறது சாப்பாம்மா? அப்ப என் போட்டோவ வச்சி எனக்கு பென்ஷன் குடுத்துருவானா?”

“அப்ப சாப்ப கொஞ்சம் குடுங்க மாமா. நாளைக்கே திருப்பித் தந்துர்றேன்.”

“சாப்பு என் கைய விட்டு வெளிய போவாது. நான் வேணா அது கூட வரேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. செங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சரியென்றால் என் எண் போட்ட சாப்பைக் குத்துவேன். அதை யாருக்கும் இரவல் தர மாட்டேன், கழிப்பறைக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போவேன்.

அடுத்து புதிய செயலாளருக்குப் போன் செய்தேன். லெட்டர்ஹெட்டை வெறுமையாக வெளியே விட்டால் கிராணி அதில் ராஜினாமாக் கடிதம் எழுதிப் புதியவர் பெயரைப் போட்டுவிடுவாராம். ஆகவே அவரும் லெட்டர்ஹெட்டோடு வருவார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆங்கில அகராதியைத் திறந்து ‘சாப்’ (chop) என்ற சொல்லைத் தேடினேன். வேலைக்கு உதவாத வேலை, ஆனால் மனம் அடங்கியது. ஒரே எழுத்துக்கூட்டுக்குள் தொடர்பில்லாத சொற்கள் குடியிருந்தன. கோடரியால் வெட்டுவது ஒன்று. எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டு அதன் பிள்ளை. தாடை என்று ஒன்று. அது எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே நிச்சயமில்லை. பண்டமாற்று என்று பழைய பொருள் ஒன்று, சந்தை வழியாக வந்தது. முத்திரை மட்டும் ஆங்கிலமே இல்லை. வட இந்தியச் சொல்; வணிகர்களின் மூட்டைகளில் பதிந்து துறைமுகம் துறைமுகமாக வந்து, மலாயில் ஏறி, வெள்ளைக்காரன் நாக்கிலும் ஏறியிருக்கிறது. தமிழில் ‘சாப்பா’ என்று இருப்பதும் அதன் உறவுதான். வெட்டும் முத்திரையும் தம்மைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எந்த ஆதாரமும் கிடையாது. அத்தையின் பாரத்தில் மட்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தன. சிக்கன் சாப்பில் எலும்பே இல்லையே என்ற சந்தேகம் வந்தபோது மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். பாச்சாங்கில் புதிய செயலாளரை ஏற்றினேன். பிளாஸ்டிக் உறைக்குள் லெட்டர்ஹெட், அதை மடியில் வைத்துக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டார். சுங்கை ரம்பாயில் அத்தை முன்னால் ஏறினார். கிராணி மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார்; பைக்குள் சாப் புடைத்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இருவரும் ஆளுக்கொரு கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

கார் பத்து நிமிடம் ஓடியது. பிறகு கிராணி மாமா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

“சில பேரு டயர் மாத்தற மாதிரி நிர்வாகத்த மாத்தலாம்னு நெனைக்கறாங்க.”

புதிய செயலாளரும் தன் பக்கத்து ஜன்னலிடம் பதில் சொன்னார்:

“சில டயரு தேஞ்சி வழுக்கையாப் போனாலும் கழட்ட விடமாட்டேங்குது, அண்ணே.”

“ரெண்டு பேரும் சண்ட போடறதுன்னா எறங்கி போடுங்க லா,” என்றார் அத்தை. “சாப்பையும் லெட்டரையும் வச்சிட்டு எறங்குங்க.”

யாரும் இறங்கவில்லை.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு மன்ற அலுவலகத்தை அடைந்தோம். கவுண்டரில் மலாய்க்கார அக்கா ஒருவர் பாரத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“ஆண்டி, சாப் மானா?” சாப் எங்கே என்று கேட்டார்.

புதிய செயலாளர் கடிதத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கிராணி மாமா பையிலிருந்து சாப்பை எடுத்தார். வாயால் ஊதினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கைகளாலும் அமுக்கினார். எடுத்தபோது காகிதத்தில் ஒரு வட்டமான பள்ளம் மட்டும் இருந்தது. மை இல்லை.

“மைப்பேட் எங்கே மாமா?” என்று கேட்டேன்.

அவர் முதல்முறையாகப் புதிய செயலாளரின் முகத்தைப் பார்த்தார். “மைப்பேட்ட நான் கோப்போட ஒப்படச்சிட்டேனே.”

“அது என் வீட்லதான் இருக்கு,” என்றார் புதிய செயலாளர் மெதுவாக. “சாப்பு இல்லாம பேட்ட வச்சி நான் என்னா பண்றது, அண்ணே? என் மக கைரேக எடுத்து வெளையாடிட்டிருக்கா.”

மணி நாலே கால். அத்தை கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மலாய்க்கார அக்கா இரண்டு ஆண்களையும் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். மேசைக்குள்ளிருந்து தன் மைப்பேட்டை எடுத்து முன்னால் தள்ளினார்.

கிராணி மாமா மறுபடி குத்தினார். ஊதா வட்டம் விழுந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் அதிக மையோடு. அளவுக் கருவியாக இருந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அக்கா பாரத்திலும் அதன் நகலிலும் தன் ‘பெறப்பட்டது’ சாப்பை அடித்து, நகலை அத்தையிடம் கொடுத்தார். இடம் காலியாக இருந்தது. பாரத்தில் குறை இல்லாதவர்களுக்கே முதலில் தருவார்களாம். எங்களுடையதில் குறை இல்லை. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அடுப்பை வைக்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் அத்தை அந்த நகலைக் காரின் ஏர்கோன் காற்றுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில், மைப்பேட் யார் வீட்டில் இருப்பது முறை என்று பேச்சு தொடங்கியிருந்தது.

“கொஞ்சம் வாய மூடிட்டு வாங்கண்ணே, ரெண்டு பேரும்,” என்றார் அத்தை திரும்பாமல். “மை காயட்டும்.”