பெயின்ட் உரியாத தாழ்ப்பாள்

சாவியக்கா என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்தில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் தபால்காரரே முழிப்பார். அவள் கைப்பையில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி கிடக்கும். மாடிப்படியில் அவள் ஏறினால், ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்துவிடும். கணவர் தையல்காரர், வாயும் கத்திரி மாதிரிதான். "ஊருக்கெல்லாம் வீடு பார்த்துத் தர்ற. நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு சாத்த மாட்டேங்குது, அதைப் பார்க்க ஆளில்லை" என்று தினம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முன்பு அவள் வீட்டுத் தரகர். சும்மா சொல்லக்கூடாது, கில்லாடி. வெளிச்சமே வராத அறையை "வெயில் காலத்துல சில்லுனு இருக்கும்" என்பாள். குழாயில் தண்ணீர் வராத வீட்டை "ஈரமே தங்காது" என்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவளை, வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு அறை பார்த்துத் தரும் ஓர் உதவி அலுவலகம் வேலைக்குக் கூப்பிட்டது. காரணம் இருந்தது. பட்டாளத்துக்காரர் மேடையில் நின்றால் எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். அதே ஆள் வந்து வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்துவார்கள். குடிப்பாரோ, கத்துவாரோ, ராத்திரியில் எழுந்து யாரையாவது அடிப்பாரோ என்று ஆயிரம் சந்தேகம். என்ன ஜனங்களோ! அலுவலகத்தில் இருந்த படித்த பிள்ளைகள் போய்க் கேட்டு முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்கள். சாவியக்கா போனாள், சாவியோடு வந்தாள். வீட்டுக்காரர்களின் நாடி அவளுக்கு அத்துப்படி.

சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. கட்டில், அடுப்பு, வாளி எல்லாம் வாங்கிப் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், ஓய்வூதிய அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அதன் பிறகும் அவ்வப்போது போய் எட்டிப் பார்க்க வேண்டும். கொடுத்த அறையில் ஆள் குடியிருக்கிறாரா என்று மேற்பார்வையாளர் தனியாகப் போய்ப் பார்ப்பார். அறை சும்மா கிடந்தால் அதை வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. தெருவில் படுத்திருக்கிறவர்கள் அதிகம், அறைகள் கொஞ்சம்.

அந்த மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சாவியக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, உங்க வயர்லெஸ் அந்த ரூம்ல இல்லை."

"இல்லைன்னா? எங்க போயிட்டாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் போனப்ப கதவு திறந்து கிடந்துச்சு, ஆள் இல்லை. போர்வையில ஒரு மடிப்பு இல்லை. அடுப்புல ஒரு சொட்டுக் கறை இல்லை. தாழ்ப்பாளைப் பார்த்தேன். புதுப் பெயின்ட் அப்படியே ஒட்டியிருக்கு. ஒரு தடவைகூட யாரும் போட்டுத் திறக்கலை. ஒரு வீட்டுல ஆள் இருக்காங்களா இல்லையான்னு தாழ்ப்பாளைப் பார்த்தா தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தரகர் காலத்து வித்தை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு மறுபடி வரேன். அப்பவும் இப்படியே இருந்தா சாவியைத் திருப்பி வாங்கிடணும். அடுத்து நிக்கிறவருக்குக் கால் சரியில்லை, அவரும் பாவம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வயர்லெஸ்ஸுக்கு அந்த அறையை வாங்கச் சாவியக்கா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் படையில் வயர்லெஸ் கருவி இயக்கியவர், பெயரும் அதுவே ஆகிவிட்டது. பாதி ஆயுளை அதில் கழித்துவிட்டு வந்து பார்த்தால் மனைவி இல்லை, அண்ணன் வீட்டில் இடமில்லை. பேருந்து நிலையத்துக் கொட்டகையில் வருடக்கணக்கில் படுத்திருந்தார். நாள் முழுக்கத் தகவல் சொல்லியே பழகியவர் என்றுதான் பெயர், வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாவியைக் கையில் கொடுத்த அன்று விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். சாவியக்கா வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். அப்படிப்பட்ட மனிதர் திரும்பவும் தெருவுக்குப் போவதா?

உடனே கிளம்பினாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். மாடிப்படி ஏறினால், மனிதர் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்! கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"என்னண்ணே இது? காலையில சார் வந்தப்ப எங்க போனீங்க?"

"தண்ணி பிடிக்கப் போனேன், மேடம்."

"இந்த மேடம் கீடம் எல்லாம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது?"

உள்ளே போய்ப் பார்த்தாள். பூதக்கண்ணாடி சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. போர்வை பலகை மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. தலையணை நட்டநடுவில். சட்டைகள் ஒரே அளவில் மடித்துப் பைக்குள், பை கட்டிலுக்கு அடியில், எந்த நிமிடமும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்கிற மாதிரி. தரகர் கண்ணுக்கு அது காலி வீடுதான்.

கீழ்வீட்டு அம்மா சத்தம் கேட்டுப் படியேறி வந்தாள். "நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்மா. ராத்திரி பூரா இந்தப் படியிலதான் உக்காந்திருக்காரு. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. ஆனா மனுஷன் எப்பத்தான் தூங்குவாரு?"

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்கண்ணே. கட்டில் நல்லா இல்லையா?"

வயர்லெஸ் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டில் நல்லா இருக்கு. ரூமும் நல்லா இருக்கு. கொட்டகையில நாங்க ரெண்டு பேரு, நானும் டமாரமும். ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் முழிச்சிருப்பான். படையில இருந்தப்பவும் அப்படித்தான். யாரோ ஒருத்தன் முழிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கண்ணு மூடும். இங்க நான் தனி. நான் தூங்கிட்டா முழிச்சிருக்க யாரு?"

டமாரம் அவருடைய கூட்டாளி, அவரும் படையில் இருந்தவர். அவர் பேசினால் பேருந்தின் ஹாரன் அடங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது விதி. அதனால் அவர் இன்னும் கொட்டகையில்தான் இருந்தார், வரிசையில் தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

சாவியக்காவுக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி, இப்போதைக்கு ஒண்ணு செய்வோம். ரூமைக் கொஞ்சம் அலங்கோலமா வைங்க. ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரியணும்."

"அலங்கோலம்னா?"

"அடக் கடவுளே! ஒரு சட்டையை எடுத்து அந்த நாற்காலியில போடுங்க."

அவர் போட்டார். நான்காக மடித்து, காலரை நேராக்கி, நாற்காலியின் நடுவில். கீழ்வீட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சாவியக்கா அந்தச் சட்டையை எடுத்து உதறி வீசினாள். போர்வையைக் கையால் கசக்கினாள். அவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் அவர் கை தானாகப் போய் அதை நீவிவிட்டது. "விடுங்கண்ணே, விடுங்க!" என்று கையில் ஓர் அடி வைத்தாள். குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டைவிடப் பெரிய பாடாக இருந்தது. கடைசியில், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பட்டாளத்துக்காரரிடம் போய் இன்ஸ்பெக்‌ஷன் என்ற வார்த்தையைச் சொல்லலாமா?

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டாள். கதவருகே போனதும் தலையில் அடித்துக்கொண்டாள். தரை கழுவித் துடைத்துப் பளபளத்தது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் மின்னியது. அடுப்பில் முகம் பார்க்கலாம். அவள் கசக்கிவிட்டுப் போன போர்வை மறுபடியும் பலகை. பெயின்ட் ஒட்டிய தாழ்ப்பாளைக்கூட விடாமல் துணியால் துடைத்து வைத்திருந்தார். வயர்லெஸ் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் ரெடி, மேடம்."

"நாசமாப் போச்சு" என்றாள் சாவியக்கா. வேறென்ன சொல்வாள்?

வாய் நிறையத் திட்டுவதற்குத்தான் நிமிர்ந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். விறைப்பாக நின்ற உடம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நின்றபடியே கண் சொருகுகிறது, திடுக்கிட்டுத் திறக்கிறது, மறுபடி சொருகுகிறது. எத்தனை பேருக்கு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறாள்! சுவர் பார்த்தாள், கூரை பார்த்தாள், குழாய் பார்த்தாள். இந்த மனிதர் எப்படித் தூங்குவார் என்று ஒரு நாளாவது கேட்டாளா?

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் போட்டாள். படியைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அண்ணே, கொட்டகையில டமாரம் எழுந்து வந்து உங்களைப் படுக்கச் சொல்லும்போது என்ன சொல்லுவாரு?"

"'என் முறை'ம்பான். அவ்வளவுதான்."

"சரி. இப்ப என் முறை. போய்ப் படுங்க."

அவர் நகரவில்லை. "உங்களுக்குத் தூக்கம் வந்தா?"

"எனக்கா? என் வீட்டுக்காரர் விடுற குறட்டையில நான் தூங்கியே பல வருஷம் ஆச்சு. படுங்கண்ணே."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கலாமா? கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெல்ல ஒரு குறட்டை. அது வளர்ந்து, அறை முழுக்க நிறைந்து, படி வரைக்கும் வந்தது. சாவியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள், ஒரு சாவிகூடச் சத்தம் போட்டுவிடக்கூடாதே என்று.

பத்து மணிக்குப் பூதக்கண்ணாடி டக்டக்கென்று படியேறி வந்தார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவர் திகைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார். உள்ளே எட்டிப் பார்த்தார். வயர்லெஸ் குப்புற விழுந்து, ஒரு கை தரையில் தொங்க, போர்வையைக் காலால் உதைத்துச் சுருட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். உலகத்தில் அதைவிட நல்ல அலங்கோலம் கிடையாது.

"இன்னிக்கு நான் வர்றேன்னு படுக்க வச்சிருக்கீங்களா?" என்று கிசுகிசுத்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சாவியக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. படியையும் சொன்னாள், கொட்டகையையும் சொன்னாள், தன் அசட்டு யோசனையையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி அக்கா. இன்னிக்கு உங்க முறை. நாளைக்கு யார் முறை?"

"டமாரத்தோட முறை. இங்க இன்னொரு கட்டில் போடுங்க சார்."

"ஒரு ரூமுக்கு ஒரு ஆள். விதி."

"விதியை நாமதானே எழுதினோம், வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?" பழைய தரகர் நாக்கு தானாக விழித்துக்கொண்டது. "டமாரமும் வரிசையிலதான் நிக்கிறாரு. அவர் இங்க வந்துட்டா வரிசையில ஒரு ஆள் குறையும். அவருக்குன்னு பார்க்க வேண்டிய ரூம் அந்தக் கால் சரியில்லாதவருக்குப் போகும். வீட்டு ஓனரை நான் பார்த்துக்கறேன். காத்தோட்டமான ரூம் சார், ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கும்."

"உங்ககிட்ட வாயைக் கொடுத்து மீள முடியுமா?" என்றார் அவர். பூனை நடையில் உள்ளே போனார். தூங்குகிற ஆளைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ச்சுவர் ஓரமாகச் சாணால் அளந்து பார்த்தார். திரும்பி வந்து கிசுகிசுத்தார்: "ஜன்னலை அடைக்காம போடச் சொல்லுங்க."

டமாரம் இரண்டு மூட்டையோடும் ஆயிரம் குறையோடும் வந்து சேர்ந்தார். கட்டில் குட்டை, குழாய் ஒழுகுகிறது, வயர்லெஸ் போடுகிற தேநீர் கழுநீர். கீழ்வீட்டு அம்மாவுக்கு வேடிக்கை பார்த்துப் பொழுது போனது. ராத்திரியில் முறை போட்டுத்தான் தூங்கினார்கள். ஒருவர் படுக்க, ஒருவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் படியில் யாரும் உட்காரவில்லை. சாவியக்காவுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் அவள் அந்தப் பக்கம் போனாள். வழக்கம்போலத் திறந்திருக்கும் என்று கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. பூட்டியிருக்கிறதோ என்று கொத்திலிருந்து சாவியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ என்று படபடவென்று தட்டினாள்.

"யாருப்பா அது, மனுஷனைத் தூங்க விட மாட்டீங்களா?" உள்ளேயிருந்து டமாரத்தின் குரல் தெருவுக்கே கேட்டது.

சர்ரென்று இரும்பு இழுபடும் சத்தம். கதவு திறந்தது. வயர்லெஸ் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து. அவருக்குப் பின்னால் இரண்டு கட்டில்களும் கசங்கிக் கிடந்தன.

"மன்னிச்சுக்கம்மா தங்கச்சி. ரெண்டு பேருமே தூங்கிட்டோம்."

தங்கச்சி! சாவியக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருந்தாலும் விட மனசில்லாமல் கேட்டாள். "ரெண்டு பேருமேவா? அப்ப காவலுக்கு யாரு?"

வயர்லெஸ் அவளை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் கை இன்னும் தாழ்ப்பாளில்தான் இருந்தது. அதில் பெயின்ட் நீளமாக உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

"தாழ்ப்பாள் போட்டிருந்தோமே" என்றார்.