சிவப்புச் சீமெந்தில் வாப்பாவின் கால்

சிவப்புச் சீமெந்துத் தரையில் ஈரக் கால் படுகிற 'சளப், சளப்' என்ற சத்தம்தான் எங்கள் வீட்டில் விடிந்ததற்கு அடையாளம். பள்ளிவாசலில் சுபஹு பாங்கு முடிகிற நேரத்தில் கிணற்றடியில் வாளி மோதும். கொஞ்ச நேரத்தில் வாப்பா தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி 'வுழு' செய்துகொண்டு பின்வாசலால் உள்ளே வருவார். முழங்கை வரை மடித்த சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குசினியைக் கடந்து, நான் படுத்திருந்த பாயின் ஓரமாக நடந்து, நடு அறையில் தொழ விரித்த முசல்லாவுக்குப் போவார். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே அவருடைய கால் தடங்கள் கிடக்கும். அகன்ற குதிகால், உள்பக்கம் வளைந்த பாதம், வரிசையாக ஐந்து விரல். மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் அவை ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்து சுருங்கி, கடைசியில் பெருவிரல் மட்டும் ஒரு பொட்டாக நின்று மறையும். அது மறைந்த பிறகுதான் நான் எழும்புவேன்.

பல்லேபொலப் பக்கம் எங்கள் வீடு. வாப்பா மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற வியாபாரி. தோட்டந் தோட்டமாகப் போய்ச் சேர்த்து, ரத்தோட்டை வரைக்கும் தன் சின்ன லொறியில் அலைந்து, மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பார். வீட்டில் அவர் அதிகம் சொன்ன சொல் 'பழக்கம்'. செருப்பைக் கழற்றினால் வெளியே பார்த்த மாதிரி வைக்க வேண்டும், தண்ணீரை உட்கார்ந்து குடிக்க வேண்டும், படுத்த பாயைச் சுருட்டாமல் முகம் கழுவப் போகக்கூடாது. மறந்தால் அடிக்க மாட்டார். மறந்ததைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வைப்பார், அது அடியைவிட மோசம். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு தமிழ் ஆக்கள் செல்லுவாங்க. எங்களுக்குச் சுடுகாடு இல்ல மகள், கபுறு மட்டும்," என்று சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு என்னிடம் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதென்றால் அது அவர் போட்டதுதான். அந்த நன்றியோடுதான் மற்றதையும் சொல்கிறேன்.

மற்றது, அவர் கால் துடைக்காதது. வுழு செய்த தண்ணீர் தானாகக் காய வேண்டும், அதைத் துடைக்கக்கூடாது என்பது இளமையில் எங்கோ ஒரு மார்க்கப் பயானில் கேட்டு மனதில் ஊன்றிக்கொண்ட விஷயம். அந்தத் தண்ணீரோடு பாவமெல்லாம் வடிந்து போகிறதாம். உம்மா துவாயை நீட்டினால், "குத்தமெல்லாம் வடிஞ்சி போற நேரம், நீ அதத் துவாயால புடிச்சி வெக்கச் செல்றியா?" என்பார். நானா, அதாவது என் மூத்த சகோதரர், பள்ளி மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்து, துடைத்தால் ஒரு குற்றமும் இல்லையாம் என்று சொன்னார். வாப்பா அசையவில்லை. "குத்தமில்லத்தான். நன்மை கொறஞ்சா யாரு தார?" என்று கேட்டார். மிளகில் ஒரு பிடி குறைந்தாலும் விடாத வியாபாரி, நன்மையில் விடுவாரா? உம்மா துவாயை மடித்துக்கொண்டே, "நீங்க புடிச்ச முயலுக்கு மூணு கால்தான்," என்று முணுமுணுப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவருக்குச் சீனி வருத்தம் கண்டது. சீனி வேண்டாம் என்றதும் பிளேன் டீக்குக் கருப்பட்டி கடிக்கத் தொடங்கினார், அது சீனி இல்லையே என்று வாதாடினார். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு உம்மாவும் நானும் கூடப் போனோம். அங்கே வயதான ஒரு சிங்களத் தாதி மிஸ்ஸி, வாங்கில் இருந்த வாப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இடுக்குகளில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், பழைய சோற்றைப் போல நைந்து கிடந்தது. அவர் ஒரு குச்சியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். வாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு தெரியுது, தெரியுது என்றார். மிஸ்ஸி தொடாத நேரத்திலும் தெரியுது என்றார்.

மிஸ்ஸி தனக்குத் தெரிந்த தமிழில், கோபமே இல்லாமல் சொன்னார்: "மொதலாளி, கால் களுவுறது நல்லம். அஞ்சு நேரம் களுவுறது மிச்சம் நல்லம். ஆனா தொடைக்க வேணும். ஈரத்தோட சப்பாத்துப் போட்டா அந்தக் கால் ஒரு நாளைக்கி எங்ககிட்டத்தான் வரும்."

வீட்டுக்கு வந்ததும் உம்மா அலுமாரியைத் திறந்து, நீலக் கோடு போட்ட சின்னத் துவாய் ஒன்றை எடுத்துப் பின்வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, "நான் கேட்டாத்தான் சண்டைக்கி வாராரு. இனி நீ தொடச்சி உடு," என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் வாப்பா கிணற்றடியிலிருந்து வந்ததும் வாசற்படியில் குந்தி அவர் காலைப் பிடிப்பேன். மகள் என்பதால் மறுக்கவில்லை. மனமாக இடம் கொடுக்கவும் இல்லை. மேலே ஒற்றி எடுக்க விடுவார், விரலுக்கு நடுவே துவாயின் முனையை நுழைத்தால் காலைச் சுருட்டிக்கொள்வார். "போதும் மகள், போதும். ஐம்பதுக்குப் பொறகு புதுப் பழக்கமா?" என்பார். எங்களுக்கு ஆயிரம் பழக்கம் பழக்கிய மனிதர் தனக்கு ஒன்றைப் பழக்க முடியாமல் நின்றார். அதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ரிவர்ஸ்டன் பக்கம் இருந்து பனியும் தூறலும் இறங்கி, ரத்தோட்டைத் தோட்டங்களில் அட்டை கூடிப்போயிற்று. வாப்பா மேஸ் என்கிற காலுறை போட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவார். வழியில் எந்தப் பள்ளி கண்ணில் படுகிறதோ அங்கே இறங்கி, வுழு செய்து, தொழுதுவிட்டு, காயாத காலை அப்படியே மேஸுக்குள் திணித்துக்கொண்டு லொறியில் ஏறுவார். அந்தக் கால் மறுபடி காற்றைக் காண்பது பொழுது பட்டு மஃரிபுக்குத்தான். நோவு இல்லை என்பது அவருக்குப் பெரிய தைரியமாக இருந்தது. "நோவாத காலுக்கு என்னத்துக்கு மருந்து?" என்று உம்மாவையே திருப்பிக் கேட்பார்.

ஒரு நாள் காலையில் வழக்கம் போலக் கண்ணைத் திறந்தேன். சிவப்புத் தரையில் இரத்தம் உடனே தெரியாது. தடம் தெரிந்தது, ஐந்து விரலும் தெரிந்தன. ஆனால் தண்ணீர் சுருங்கிக் காய்ந்த பிறகும் இடது காலின் சின்னவிரல் இருந்த இடம் மட்டும் காயவில்லை. கையால் தொட்டேன். ஒட்டியது. மூக்கில் வைத்தேன், மழையில் நனைந்து கெட்ட மிளகுச் சாக்கின் வாடை. உம்மாவைக் கூப்பிட்டேன். வாப்பா தொழுது முடித்து ஸலாம் கொடுக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் திரும்பி, எங்கள் முகத்தைப் பார்த்து, "என்னத்துக்கு இப்பிடி நிக்கிறீங்க?" என்று கேட்டார். தன் காலில் இருப்பது அவருக்கே தெரியாது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் நான்கு விரல் தடம் தரையில் விழுந்தது. பிறகு கருப்பு மேலே ஏறியது. கண்டிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலை எங்கள் ஆக்கள் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவதில்லை. அது அடக்கப்பட வேண்டியது. நானாவும் பள்ளி ஆக்கள் இருவரும் அதை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குத் தொழுகை கிடையாது, மீசான் கல் நடுவதும் இல்லை. மையவாடியில் ஒரு ஓரமாகக் குழி தோண்டி, மழைத் தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு அடக்கினார்கள். நானா வீட்டுக்கு வந்து கிணற்றடியில் மண்ணைக் கழுவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். உம்மா அதற்குப் பிறகு அந்த முயல் கதையை வாயில் எடுக்கவே இல்லை.

வாப்பாவுக்கு அதன் பிறகுதான் புத்தி வந்தது என்று ஊரில் சொன்னார்கள். உண்மைதான், வந்தது. ஊன்றுகோலோடு வாசற்படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வலது காலைக் கழுவி, ஆணியில் இருந்த நீலக் கோட்டுத் துவாயைத் தானே எட்டி எடுத்து, விரல் விரலாகப் பிரித்துத் துடைப்பார். வெயிலில் நீட்டிப் பார்ப்பார். தன் கண்ணை நம்பாமல் என்னையும் குனிந்து பார்க்கச் சொல்வார். அப்படி ஒரு பழக்கத்தை அப்படி ஒரு ஒழுங்கோடு நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. கருப்பட்டியை விட்டார். பள்ளியில் வுழு செய்கிற ஹவுளடியில் உட்கார்ந்து, ஈரக் காலோடு எழும்புகிற ஒவ்வொருவரையும் மறித்து, "தொடச்சிட்டுப் போங்க, என்னப் பாருங்க," என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் துடைத்தார்கள். ஒரு முறை என்னிடம், "என்ட கால் முந்திப் போயிட்டு மகள். நான் மௌத்தானா அதுக்குப் பக்கத்துல வெக்கச் செல்லு," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

பிந்தி வந்த பழக்கம் மற்றக் காலைக் காப்பாற்றியது, ஆளைக் காப்பாற்றவில்லை. சீனி அதற்குள் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. உடம்பு வீங்கி, பேச்சு குறைந்து, ஒரு மத்தியானம், லுஹருக்கு முன்னால் அடங்கிவிட்டார். ஜனாஸாவைக் கொல்லைப்புறத்தில் மறைப்புக் கட்டி ஆண்கள் குளிப்பாட்டினார்கள். அந்த மரித்த உடம்புக்கும் வுழு உண்டு. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் உம்மாவும் உள்ளே இருந்தோம். சத்தம் நின்றதும் உம்மா எழும்பி, ஆணியில் இருந்த துவாயை எடுத்து, மறைப்புக்கு மேலால் கையை நீட்டி, "மகன், விரல் இடுக்கெல்லாம் தொடச்சி உடுங்க. இனிச் சண்டைக்கி வரமாட்டாரு," என்றார். துடைத்ததாக நானா பிறகு சொன்னார். அந்த ஒற்றைக் காலில் ஒரு வெடிப்பு, ஒரு தழும்பு இல்லையாம், பிள்ளையின் கால் மாதிரி இருந்ததாம்.

காலை அடக்கிய இடத்தைத் தேடினார்கள். அடையாளம் வைக்காத குழி. புல் மூடி, பக்கத்தில் வேறு கபுறுகள் வந்து, யாராலும் சொல்ல முடியவில்லை. வாப்பாவை வேறு வரிசையில் வைத்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் நானாவின் குடும்பம் இருக்கிறது. சிவப்புச் சீமெந்தின் மேல் வெள்ளை டைல்ஸ் பதித்துவிட்டார்கள், கிணற்றை மூடிக் குழாய் போட்டுவிட்டார்கள். போன வருடம் எனக்கும் சீனி இருப்பதாகச் சொன்னார்கள். நல்ல பழக்கங்களை நினைவுபடுத்தவென்று என் மகள் என் போனில் ஏதோ ஒன்றைப் போட்டுத் தந்திருக்கிறாள். தண்ணீர் குடி, நட, மருந்து எடு என்று அது கிணுகிணுக்கும். செய்ததும் ஒரு பூவைக் காட்டிப் பாராட்டும். கால் துடைக்க மட்டும் எனக்கு அது தேவைப்படுவதில்லை. போன நோன்புப் பெருநாளைக்கு அங்கே போனபோது, வுழு செய்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, துடைக்காத காலோடு பின்வாசலால் உள்ளே நடந்து, திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் தரையில் தண்ணீர் கோணல்மாணலாகச் சிதறிக் கிடந்தது. அது கால் என்று யாரும் சொல்ல முடியாது. பின்வாசலுக்கே திரும்பிப் போய், படியில் உட்கார்ந்து, பத்து விரலையும் பிரித்துத் துடைத்தேன்.