காகிதத்தில் விழுந்த மீன்கள்

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். தூண்டில் பைத்தியமான ஒரு தவுக்கே, சீன முதலாளி, மீன் கண்டுபிடிக்கும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அடியில் மீன் இருந்தால் காகிதச் சுருளில் கறுப்பு வளைவாக வரைந்து காட்டும். வேறு கடைக்காரர்கள் தொடவே பயந்தார்கள். நான் மூன்று நாளில் சரிசெய்தேன்.

சோதித்துப் பார்க்க, கோப்பெங்கில் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைக்குப் போனேன். ரப்பர் எஸ்டேட்டை விற்றதில் பால்மரம் வெட்டும் வேலை போய், அக்கா வீட்டுக்காரர் அந்தக் குட்டை மீனை நம்பித்தான் குடும்பம் நடத்தினார். அவரே என்னைப் படகில் ஏற்றிப்போனார். காகிதம் முழுக்கக் கறுப்பு வளைவுகள்.

"அடேயப்பா, இவ்வளவு மீனா கெடக்கு மச்சான்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மிஷினைத் திருப்பிக் கொடுத்தபோது, என் திறமையைக் காட்ட அந்தக் காகிதத்தையும் விரித்து வைத்தேன். தவுக்கே வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் குளம்லா?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேட்டதற்கு மேல் வழியையும் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் தவுக்கே குட்டையைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றி வேலி போட்டுவிட்டார். அளக்க வந்த அன்று அவர் கையில் அதே காகிதச் சுருள் இருந்ததாம். நான் போனபோது அக்கா வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே தூண்டிலோடு நின்றிருந்தார். திட்டவில்லை.

"மிஷின நல்லாத்தான் ரிப்பேர் பண்ணிருக்க மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகும் பலர் என் கைவேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை.