டிவி சத்தமாக ஓடும் வீடு

மூன்றாவது மாடியில் டிவி சத்தமாக ஓடும் வீடு எது என்று கேட்டால், பால் போடுகிறவர்கூடச் சரியாகக் கை காட்டிவிடுவார். அந்த வீட்டுக்காரி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி மெஷின் முன்னால் நின்று வேலை பார்த்தவள். வேலை போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் இன்னும் இஸ்திரியக்காதான்.

டிவி எந்நேரமும் அலறாது. அவளுக்கு வலிப்பு வரும்போது மட்டும் அலறும்.

அது வந்தால் மகள் செய்யவேண்டியதை அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள். முதலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். அடுத்து டிவியை உச்சத்தில் வைக்க வேண்டும். அப்புறம்தான் அம்மாவிடம் வந்து ஒருபக்கமாகப் புரட்டித் தலைக்குக் கீழே துண்டை வைக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. முந்தின வீட்டில் அவள் ஒருமுறை மாடிப்படியில் விழுந்து துடித்ததைப் பலர் பார்த்துவிட்டார்கள். அந்த மாதமே வீட்டுச் சொந்தக்காரர், "தம்பிக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்றார். தம்பிக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை. அன்றிலிருந்து கதவுதான் முதலில்.

சலவை நிலையத்தில் வலிப்பு வந்தபோது சாத்த ஒரு கதவும் இல்லை. கொதிக்கிற தகட்டுக்கு அடியில் முன்னங்கை மாட்டிக்கொண்டது. முதலாளி "தூங்கி வழிஞ்சுட்டா" என்று எல்லாரிடமும் சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவளைத் தனியே விட முடியவில்லை. கணவர் பெயிண்டர். ஒருநாள் சாரத்தில் ஏறவில்லையென்றால் மேஸ்திரி மறுநாளே வேறு ஆளை ஏற்றிவிடுவார். ஆகவே மகள்தான் வீட்டில் இருந்தாள். ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் அலமாரியில் அட்டை கசங்காமல் இருந்தன. வருகிற திங்கட்கிழமைக்குள் பிள்ளை வரவில்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். வேலை செய்ய இயலாதவர்களுக்கான உதவித்தொகை கிடைத்தால் பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம், பிள்ளையை அனுப்பலாம். இதை விட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டு விசாரணை அந்தத் திங்களுக்கு முந்தின புதன்கிழமை.

சட்ட உதவி மையத்தில் ஒரு இளம் வக்கீல் அவர்களுடைய காகிதக் கட்டைப் பார்த்தாள்.

"டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். டெஸ்ட் எடுக்கிற நேரம் பாத்து அது வருமா என்ன? மாத்திரைச் சீட்டு இருக்கு. ஆனா நேர்ல பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும்."

"நான் சொல்றேன் மேடம்," என்றார் பெயிண்டர். "எம்பொண்ணு சொல்லும்."

"வீட்டாளுங்க சொன்னா எழுதிக்குவாங்க, நம்ப மாட்டாங்க. வெளியாளு வேணும். சலவைக் கடையில பாத்தவங்க?"

அவர்களிடம் ஏற்கெனவே போனில் கேட்டாயிற்று. ஒருத்தி பாதியில் போனை வைத்துவிட்டாள். இன்னொருத்தி, "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்க்கா, எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு" என்றாள். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வக்கீல் தாளைப் புரட்டினாள். "போன தடவ விசாரிக்க வந்த ஆளு ஒண்ணு எழுதியிருக்காரு. உடம்புல இருக்கிற காயத்துக்கு வேற காரணம் இருக்கலாமாம். என்ன காரணம்னு எழுதல." சொல்லிவிட்டு அவள் பெயிண்டரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே சாட்சி தேடத் தொடங்கினார்கள். இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவர்கள், யாராவது பார்த்தீர்களா என்று வாசல் வாசலாகக் கேட்டார்கள்.

"ஃபிட்ஸா? உங்களுக்கா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "போங்கக்கா. மூணு மாடி தண்ணிக் கொடம் தூக்குற ஆளு நீங்க." பெயிண்டர் அடுத்த கதவைத் தட்ட நகர்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அவரு இல்லாதப்போ வாங்க."

இஸ்திரியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிவி அலறும்போதெல்லாம் கம்பால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுகிறவர். பெயிண்டரைப் படியில் பார்த்தால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் மறுநாள் அவள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாம்மா. டிவியக் கொறைன்னு சொல்ல நான் மேல வரணும். நீ கீழ வந்திருக்க."

அவள் நின்றபடியே சொன்னாள். வலிப்பு, கதவு, டிவி, புதன்கிழமை. முந்தின நாள் கணவர்தான் பேசினார்; வெளியாள் ஒருவரிடம் அந்தச் சொல்லை அவளே உச்சரித்தது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார், திரும்பப் பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மொதல்ல தொப்புனு ஒரு சத்தம் கேக்கும்," என்றார். "அப்புறம் டிவி. டிவிக்கு நடுவுல தரையில யாரோ யாரையோ ஒதைக்கிற மாதிரி. மறுநாள் நீ ஒதடு வீங்கிப்போயி படியெறங்குவ. நான் என்னன்னும்மா நெனப்பேன்?"

அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. மகளுக்கு உறைத்தது.

"எங்கப்பா அடிக்க மாட்டாரு தாத்தா," என்றாள்.

கண்டக்டர் அவளைப் பார்க்கவில்லை. "விசாரிக்க ஒரு ஆளு வந்தாருல்ல, அவருகிட்ட நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல, புருஷன்தான் நோயின்னு. உனக்கு நல்லது பண்றதா நெனச்சு சொன்னேம்மா."

"அப்போ இப்ப வந்து மாத்திச் சொல்லுங்க சார். பாத்தேன்னு சொல்லுங்க," என்றாள் இஸ்திரியக்கா.

"எதம்மா பாத்தேன்? சர்வீஸ் பூரா ஏறாத ஆளுக்கு டிக்கெட் கிழிச்சதில்ல நான். உன்ன ஒரு வார்த்த கேக்காமக் கெடுத்தது போதும். பாக்காததப் பாத்தேன்னு வேற சொல்லணுமா?"

அன்றிரவு பெயிண்டர் திரும்பியதும் பிரஷ்களைத் தின்னரில் அலசிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாற்றமின்மைதான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டீக்கடையில பேசிக்குவாங்க."

"எப்போலருந்து?"

"ஒனக்குக் கண்ணு வீங்கிச்சே, அப்போலருந்து."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலியா நீங்க?"

"தொறந்து என்னன்னு சொல்ல? பொண்டாட்டிய அடிக்கிறவன்னா பேரு என்னோட போயிரும். இன்ன நோயின்னு சொன்னா ஒன்னோட நிக்காது. நாளைக்குப் பாப்பாவப் பாத்தும் சொல்லுவான், இதுக்கும் வருமோன்னு." அவர் பிரஷை உதறித் துணியில் துடைத்தார். "சாரத்துல நிக்கிறவனுக்குக் கீழ பேசுறது காதுல விழாது. விடு."

அவள் விடவில்லை. இரவெல்லாம் புரண்டாள். இந்த மனுஷன் இத்தனை நாள் அந்தப் படியில் எப்படி ஏறி இறங்கினார் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சாட்சி இல்லை. புதன்கிழமை வரப்போகிறது. வரக்கூடாத நேரமெல்லாம் வந்து குடியைக் கெடுத்த வலிப்பு, வேண்டிய நேரத்தில் வரவா போகிறது?

விடிந்ததும் மகள் வழக்கம்போல மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பிக் குழாயைத் திறந்துவிட்டாள். ராத்திரி மாத்திரையும் அப்படியே போயிற்று. மறுநாளும் அப்படியே. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் செய்தாள்.

மகளிடம் வேறொன்று சொன்னாள். "அடுத்த தடவ வந்தா டிவி போடாத. கதவ நல்லாத் தொறந்து வச்சுட்டு, கீழ்வீட்டுத் தாத்தாவக் கூப்பிடு."

"எல்லாரும் பாப்பாங்களேம்மா."

"பாக்கட்டும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னதச் செய்."

செவ்வாய்க்கிழமை பகலில், காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. கணவரின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். அடுத்து நினைவிருப்பது கூரை. கூரைக்குக் கீழே முகங்கள். தன் தலை யாருடைய மடியிலோ இருப்பதை உணர்ந்தாள். கண்டக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். சேலை நனைந்திருப்பது தெரிந்தது. எழுந்து கதவைச் சாத்த வேண்டும் என்று கைகால்களுக்குச் சொன்னாள். அவை கேட்கவில்லை.

"ரெண்டு தடவ வந்துருச்சும்மா," என்றார் கண்டக்டர். "ஒண்ணு முடிஞ்சு கண்ணு முழிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு. நான் நீ போயிட்டன்னே நெனச்சேன்."

"பாப்பா எங்க?"

அடுப்புக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் மகள் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

மறுநாள் விசாரணை அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு அதிகாரி. கண்டக்டர் கசங்கின சட்டையில் வந்திருந்தார். "இஸ்திரி போடத் தெரிஞ்ச ஆளு படுத்துட்டா, நான் என்ன பண்றது?" என்று வெளியே வராந்தாவில் பெயிண்டரைப் பார்த்துச் சொன்னார். கண்டக்டர் பெயிண்டரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பெயிண்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"முன்னாடி நீங்க வேற சொல்லியிருக்கீங்க," என்றார் அதிகாரி. "கணவர் அடிக்கிறார்னு."

"சொன்னேன். தப்பு. அப்ப காதால கேட்டதச் சொன்னேன். நேத்துக் கண்ணால பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

கண்டக்டர் சொன்னார். கண் மேலே செருகியதை, உடம்பு பலகை மாதிரி விறைத்ததை, குதிகால் தரையில் அடித்த அடியை, உதடு நீலம் பாய்ந்ததை. "நடுநடுவுல ஒரு சத்தம் வருது சார். ஆடு கத்துற மாதிரியும் இல்ல, ஆளு கத்துற மாதிரியும் இல்ல. சோறு எறங்கல எனக்கு." அவள் தலை குனிந்து கேட்டாள். தனக்கு நடப்பது இன்னதென்று அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். மனுவைத் தள்ளிய உத்தரவு ரத்து என்றார். ஆனால் மருத்துவக் குழு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தொகை.

"எப்ப சார் அது?"

"தபால் வரும்."

"திங்கக்கெழமைக்குள்ள வருமா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமைக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது. வக்கீல் அவள் முழங்கையை மெல்லத் தொட்டு வெளியே கூட்டி வந்தாள். ஜெயித்த மாதிரிதான் என்றாள். பள்ளிக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவதாகவும் சொன்னாள். கேட்பார்களா என்று இஸ்திரியக்கா கேட்டதற்கு, "எழுதிப் பாக்கலாம்க்கா," என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் பெயிண்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நான் ஒங்களப் பத்தி..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க சார். நீங்க கம்பால தட்டுனாத்தான் டிவி ஓடுறதே எங்களுக்கு ஞாபகம் வரும்."



ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மகள் மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். அம்மா விழுங்கியதும் நகரவில்லை.

"வாயத் தொற."

"என்னடி?"

"தொறம்மா. நாக்கத் தூக்கு."

அவள் மகளைப் பார்த்தாள். மகளின் கண்கள் வீங்கியிருந்தன. மாத்திரையைத் துப்பியது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். மகள் குனிந்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே கூட நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காலி தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா."

"ம்."

"அப்படி ஒரு சத்தம் நீ போடுவன்னு எனக்குத் தெரியாது. டிவி ஓடும்ல. ஒரு தடவகூடக் கேட்டதில்ல." தம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவ டிவி போட்டுக்கட்டுமா?"

இஸ்திரியக்கா தழும்பேறிய கையால் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ," என்றாள். "கதவ மட்டும் தொறந்து வை."