அஸ்தினாபுரம் சம்ப்பில் எடுத்த கடல்

நீ பொய் சொல்கிறாய். போன மாதம் பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னாயே: "எங்க முதல் பாட்டுல வர்ற கடல் சத்தம், ரெண்டு மாசம் யோசிச்சு நான் உருவாக்கினது." பக்கத்தில் பேஸ் கிடாரைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். நம் குழுவில் இருப்பதே இரண்டு பேர். பொய் சொல்வதற்கு முன் மற்றவனைத் தண்ணீர் குடிக்கவாவது அனுப்பியிருக்கலாம்.

அது கடல் இல்லை. லாரித் தண்ணீர்.

பஞ்சக் கோடை அது. உன் வீட்டு வாசலில் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி, அந்த சம்ப், காய்ந்து கிடந்தது. நாம் வாசிப்பது டப் ரெகே. அதில் பாட்டைப் பாதி கழற்றிவிட வேண்டும். டிரம்மும் பேஸும் நடக்கும், மிச்சமெல்லாம் எதிரொலியில் மிதக்கும். நம்மிடம் எதிரொலி மெஷின் இல்லை, காலித் தொட்டி இருந்தது. என் வீட்டு ஸ்பீக்கரைத் தொட்டிக்குள் இறக்கி, தரையில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் வைத்தோம். மைக்கைத் துணிக்கொடிக் கயிற்றில் கட்டித் தொட்டி வாயில் தொங்கவிட்டோம். உள்ளே அனுப்பிய கிடார் ஊரெல்லாம் சுற்றி வந்ததுபோல் திரும்பியது. அந்த யோசனை உன்னுடையதுதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு லாரி வரும் என்று உன் அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ ஹாலில் கம்ப்யூட்டர் முன் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடியிருந்தாய். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் லாரிக்காரர் மூடியைத் திறந்தார்.

"இன்னாமா இது, தொட்டிக்குள்ள கச்சேரி நடந்துகினு கீது!"

"நடக்கட்டும், நீங்க பைப்பைப் போடுங்க. விட்டா அடுத்த தெருவுக்குப் போயிடுவீங்க" என்றார் அம்மா.

நான் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினேன். நீ வாசலுக்கு ஓடினாய். "அம்மா, ஸ்பீக்கர்மா!"

"நாளைக்கு உன் ஸ்பீக்கர்லயாடா குளிப்ப?"

ஸ்பீக்கர் போனது. நீ படியில் உட்கார்ந்து அழுதாய். என் ஸ்பீக்கருக்கு நீ ஏன் அழுதாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் மைக் பிழைத்தது, ரெக்கார்டிங்கை யாரும் நிறுத்தவில்லை. போட்டுக் கேட்டோம். தண்ணீர் இடித்து விழுந்தது, சுழன்றது. தொட்டி நிறைய நிறைய எதிரொலி சுருங்கிக்கொண்டே வந்து அடங்கியது. அதை அப்படியே பேஸுக்கு அடியில் விட்டோம். கேட்டவர்கள் கடல் என்றார்கள், தீவு என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ரெண்டு மாசம் யோசித்தேன் என்று சொல்லவில்லை.

பொத்தேரியில் நீ பேசியதை உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பைப்பைப் போடச் சொன்னது யாராம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் வாசிக்கிறோம். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். அந்தப் பாட்டு வரும்போது என் விரல் பேஸைத் தொடாது. முதலில் மைக்கைப் பிடி. பைப்பை யார் போடச் சொன்னது? எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்.