இருட்டைக் காட்டிய சனிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதத்து மூன்றாவது சனிக்கிழமை. இடம், ஸ்ரீரங்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. நேரம், மாலை ஏழு மணி. அன்றைக்கு நான் சுமார் முப்பது பேருக்கு, முழு மனதோடு, இருட்டைக் காட்டினேன்.

அந்த மொட்டை மாடியில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து கிரகங்கள் பார்க்க ஒரு கூடம் நடத்துகிறார்கள். பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சக்கரம் வைத்த தகரக் கூரை, தள்ளினால் வானம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப், ஏறிப் பார்க்க ஒரு ஸ்டூல். சனிக்கிழமைதோறும் யார் வந்தாலும் இலவசமாகக் காட்டுவார்கள். நான் காட்டூரில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். மகளுக்கு நிலா காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்; நான் தொண்டனாக அங்கேயே ஒட்டிக்கொண்டேன். “வீட்டுல ஒரு ட்யூப்லைட் மாத்தத் தெரியாது, இவரு சனி கிரகத்தைக் காட்டப் போறாராம்” என்பது என் மனைவியின் வாழ்த்துரை.

கூடத்தை நடத்துபவர் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கும் பெண்மணி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன். வயதைக் குறைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவேனா?

தொண்டர்களுக்கு அக்கா போட்ட சட்டம் இரண்டுதான். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், நாம் பிடித்து வைத்த கிரகம் ஒன்றிரண்டு நிமிடங்களில் டெலஸ்கோப்பின் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். எங்களிடம் மோட்டார் கிடையாது. அதனால் இரண்டு பேர் பார்த்ததும் நாம் கண்ணை வைத்துப் பார்த்து, குழாயைக் கையால் லேசாகத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். அது முதல் சட்டம். என்ன தெரியும் என்று நாமாகச் சொல்லக் கூடாது, “என்ன தெரியுது?” என்று கேட்க வேண்டும். அது இரண்டாவது.

அன்று இரண்டையும் மீறினேன். புரட்டாசிக் கூட்டம்; பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் மாடிப்படி வரை நின்றார்கள். அக்கா மறுகோடியில் பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். டெலஸ்கோப் என் பொறுப்பு.

“வாங்க வாங்க, சனீஸ்வரன் தரிசனம்! இங்க ஸ்பெஷல் க்யூ கெடையாது!” என்றேன். சிரித்தார்கள். போதாதா? “நடுவுல உருண்டை, சுத்தி வளையம். தெரியுதுங்களா?” “தெரியுது சார்!” “எப்படி?” “சூப்பர் சார்!” கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவ்வளவு பாராட்டு என் கடையில் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஜோக்குக்கு மேல் ஜோக்காக வந்துகொண்டிருந்ததில், குழாய்க்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

அப்போதுதான் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஸ்டூலில் ஏறினார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, ஒண்ணும் தெரியலீங்களே.”

தம்பி என்றதில் என் தலைச்சாயம் மகிழ்ந்தது. “நல்லாப் பாருங்கம்மா. ஒரு கண்ணை மூடிக்குங்க.”

“மூடிட்டேன்.”

“இன்னொரு கண்ணைத் திறங்க.”

“அதைத் தொறக்காமயா இவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிறேன்?”

க்யூ முழுக்கச் சிரிப்பு. இந்த முறை ஜோக் என்னுடையது இல்லை. “எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதேம்மா” என்றார் யாரோ.

“உங்களுக்குத் தெரிஞ்சா சரிங்க. எனக்குக் கெணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரிதான் இருக்கு.”

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அவரோடு வேனில் வந்த பெண் படியிலிருந்து, “வாக்கா, டிரைவர் கத்துறாரு” என்று கூப்பிட்டார்.

“இரு புள்ள. இவரைப் பார்க்காம நான் வர மாட்டேன்” என்றவர் என்னிடம் திரும்பினார். “உப்பிலியபுரத்துப் பக்கம் வெங்காயம் போடுற குடும்பங்க நாங்க. கெணறு வத்துனாலும் சனிங்கிறாங்க. எம்புருசன் வண்டியிலேர்ந்து விழுந்ததுக்கும் சனிதானாம். அன்னிக்கு அவரு குடிச்சிருந்ததை ஒருத்தரும் சொல்லல. இப்ப மவளுக்கு மெட்ராஸ்ல நர்ஸ் வேலை வந்திருக்கு. சனி சரியில்ல, ரெண்டு வருஷத்துக்கு வெளியூர் அனுப்பாதேங்கிறாங்க. திங்கக்கெழம பதில் சொல்லணும். அதான் ஆளு எப்படித்தான் இருக்காருன்னு ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுப் போவலாம்னு ஏறி வந்தேன்.”

பேச்சு மாடியைச் சுற்றி அக்கா காதுக்கு எட்டிவிட்டது. வந்து, “என்ன தெரியுதுங்கம்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. இருட்டுதான்.”

அக்கா அதை அப்படியே நம்பினார். ஸ்டூலில் ஏறி, குழாய்க்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சனியின் பார்வை என்றால் என்னவென்று எனக்கு அப்போது புரிந்தது.

“கடைசியா எப்ப சார் பார்த்தீங்க?”

“ஆறரைக்கு” என்றேன், ஈனக்குரலில்.

நானாக இருந்தால் சத்தமில்லாமல் குழாயைத் தள்ளிவிட்டு, “இப்பப் பாருங்க” என்றிருப்பேன். யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா கூட்டத்தைப் பார்த்து, “எல்லாரும் மன்னிச்சுக்குங்க. தப்பு எங்க மேலதான். இவ்வளவு நேரமா யாருக்குமே சனி தெரிஞ்சிருக்காது. இவங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னாங்க” என்றார்.

அந்தக் கண்ணாடிப் பெரியவர் கேட்டார்: “அப்ப நான் எதைங்க கும்பிட்டேன்?”

எல்லோரும் உடைந்து சிரித்தார்கள். “சார் அவ்வளவு ஆசையாச் சொல்றப்ப இல்லேன்னு எப்படிங்க சொல்றது?” என்று ஒருவர் எனக்காகப் பரிந்துகூடப் பேசினார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அக்கா சனியைத் தேடினார். மலைக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே ஹாரன் நிற்கவே இல்லை. நான் படியோரம் ஓடி, “அண்ணே, ரெண்டே நிமிஷம்! தப்பு என்னோடது, அவங்களைத் திட்டாதீங்க!” என்று கத்தினேன்.

“ஏறுங்கம்மா” என்றார் அக்கா. அந்த அம்மா குனிந்தார்.

“என்ன தெரியுது?”

கண்ணை எடுக்காமலே, “சின்னதா ஒரு எலுமிச்சம்பழம். சுத்தி ஒரு தட்டு. தட்டுக்கும் பழத்துக்கும் நடுவுல சந்து இருக்குங்க” என்றார். மூன்று மாதம் தொண்டனாக இருந்தும் அந்த இடைவெளியை நான் கவனித்ததில்லை.

“இங்கேர்ந்து எவ்வளவு தூரங்க?”

“வெளிச்சமே அங்கேர்ந்து இங்க வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்மா.” அக்கா அவ்வளவுதான் சொன்னார். ஜாதகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அம்மா இன்னொரு முறை பார்த்தார். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். “அவரு பாட்டுக்கு அவரு வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. எம்மவ பாட்டுக்கு அவ வேலைக்கு அவ போவட்டும்” என்றவர், படியில் நின்று திரும்பிப் பார்த்தார். “தம்பி, அடுத்த தடவை நீங்களும் ஒரு தடவை பாருங்க!”

அடுத்த நிமிடம் மேகம் மூடிவிட்டது. மற்றவர்களை அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னோம். பாதிப் பேர் வந்தார்கள். கண்ணாடிப் பெரியவர் முதல் ஆளாக வந்து, இம்முறை நன்றாகப் பார்த்த பிறகே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போதும் யாராவது “சூப்பர் சார்” என்றால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. முப்பது பேர் தெரியுது என்ற இடத்தில் தெரியலை என்று சொல்ல ஒருவர், அதைக் காது கொடுத்து நம்ப இன்னொருவர் என்று அந்த இரண்டு பெண்களையும் நினைத்துக்கொண்டுதான், இரண்டு ஆளுக்கு ஒருமுறை வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் ஏறிக் கண்ணை வைக்கிறேன்.