மரவள்ளி நட்ட டென்னிஸ் திடல்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஓடிப்போனார். அவருடைய டென்னிஸ் திடலில் தோட்டக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் மகள் கிரேஸ், வலையைத் தாழ்த்திக் கட்டிச் சின்னப் பிள்ளைகளை ஆடவிட்டாள். கிழிந்த வலையைத் தைக்க தொழிலாளர் குடியிருந்த லயமே சாக்கு நூல் கொடுத்தது. என்னை மட்டும் அவள் கூப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“அந்த எடம் சும்மாதானே கெடக்கு மண்டோரய்யா, மரவள்ளி நடலாம்லா,” என்று வேலைக்கு ஆள் ஏவும் மண்டோரிடம் போட்டுக்கொடுத்தேன்.

அரிசி கிடைக்காத காலம்; மறுவாரமே திடலைக் கொத்த உத்தரவு வந்தது. கிரேஸும் நானும் பக்கத்துப் பக்கத்தில் கொத்தினோம்.

“உனக்கெண்டு அப்பா பலகையில மட்டை செய்து முடிச்சிட்டார். இனி எங்க விளையாடுறது?” என்றாள்.

இப்போது நான் குடியிருக்கும் ராசா ஊரில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் திடல் போட நன்கொடை கேட்டால், முதலில் கொடுப்பது நான்தான். ஒரு மட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். வேலிக்கு வெளியே முறைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அது.